மணியைப் பார்க்க வராத அம்மா

எடுத்த எடுப்பிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். படித்தது ஐந்தாவது வரைக்கும். அந்த ஐந்தாவதிலும் பாதி வருஷம் அம்மை போட்டுப் படுத்துவிட்டேன். இப்போது ஞாபகம் வேறு ஒரு பக்கம் கழன்றுகொண்டே வருகிறது. நீங்களும் இந்தப் பேப்பரில் வாராவாரம் படித்துப் பொறுத்துக்கொள்கிறீர்கள்... இந்த வாரமும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் எங்கள் கோயிலில் நடந்தது.

நம் ஊரில் கிறிஸ்தவக் கோயில் என்றாலே பெரிய பெரிய மாதா கோயில்கள்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். எங்களுடையது மெதடிஸ்ட் கோயில். சின்னது. ஆனால் பழசு. எவ்வளவு பழசு? எங்கள் கமிட்டியில் இருக்கும் ஜெயராஜ் வாத்தியாரைக் கேட்டால் சொல்வார். ஆனால் கேட்பதற்கு முன்னால் உங்கள் கையில் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும்.

கடற்கரைப் பக்கம் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கோயிலுக்குள்ளும் எட்டிப் பார்ப்பார்கள். கேமராவோடு நாலு பேர் வந்தால் போதும் — ரிட்டையர்டு வாத்தியாருக்கு வகுப்பு கிடைத்த மாதிரி.

எங்கள் ஆயர் — சபையை நடத்தும் பாதிரியார் — புதிதாக வந்தவர், சின்ன வயது. வந்த ஆறாம் மாதம் ஒரு கேள்வி கேட்டார்.

"புதுசா வர்றவங்க ரெண்டாவது தடவ வர்றதே இல்லியே... ஏன்?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. பதில் தெரியாவிட்டால் குழு போடுவதுதானே வழக்கம்? வரவேற்புக் குழு போட்டார். அதில் என்னைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினார்.

"எனக்குப் பேச வராதுங்க ஐயா" என்றேன்.

"நீங்க பேசவே வேணாம்மா. சிரிச்சிட்டு, பாட்டு புக்கு குடுத்தா போதும்."

பேச வேண்டாம் என்றதால் ஒப்புக்கொண்டேன். கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வாய் சும்மா இருப்பதால் கண்ணுக்கு நிறைய வேலை. யார் வருகிறார், யார் எங்கே உட்காருகிறார், யார் யாரைப் பார்த்து முகத்தைத் திருப்புகிறார் — எல்லாம் எனக்குத் தெரியும்.

தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே சமயத்தில், கொஞ்ச தூரத்தில் இருக்கும் சாரத்தில் ஒரு வீட்டில், நடக்க முடியாத ஒரு மனிதர், ஞாயிறு தவறாமல் ஷேவ் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கள் கோயிலிலிருந்து யாராவது ஜெபிக்க வருவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தார். இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்?

கோயில் மணியைக் காட்டிக்கொண்டிருந்தோம்.

நான் வாசலில் நின்ற முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு அம்மா தனியாக வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். காட்டன் புடவை, மூக்குக்கண்ணாடி, தோளில் குறுக்காக மாட்டிய துணிப்பை. சிரித்தேன். புத்தகம் கொடுத்தேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்ததும் எல்லோரும் பின்பக்கம் டீ குடிக்கப் போனோம். எங்கள் சபையில் நலம் விசாரிப்பது, வம்பு பேசுவது, பெண் பார்ப்பது, நல்ல டாக்டர் யார் என்று கேட்பது எல்லாமே அந்த டீயில்தான். அந்த அம்மா மட்டும் உள்ளேயே நின்று சுவரில் பதித்த கல்லைப் படித்துக்கொண்டிருந்தார். எந்தக் காலத்திலோ இறந்துபோன வெள்ளைக்காரப் பாதிரி ஐயர் ஒருவரின் ஞாபகக் கல்.

கல்லைப் படிக்கிறவர் யார்? டூரிஸ்ட். எங்கள் கணக்கு அவ்வளவுதான். பேச ஆளில்லாதவர்களும் கல்லைப் படிப்பார்கள் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

"வாங்க மதாம், இப்டி வாங்க!" என்று வாத்தியார் பிடித்துக்கொண்டார்.

ஜன்னல், பெஞ்சு, காலால் மிதிக்கும் ஆர்மோனியம்... கடைசியாக மணி. மணி கப்பலில் வந்ததாம். கரையில் இறக்கும்போது கடலில் விழுந்துவிட்டதாம். குருசுக்குப்பத்து மீனவர்கள் முக்குளித்துத் தூக்கி வந்தார்களாம். நான் கல்யாணமாகி இந்தச் சபைக்கு வந்தபோது, இந்தக் கதையில் மணி விழுந்தது இடுப்பளவுத் தண்ணீரில். இப்போது இரண்டு ஆள் ஆழம் ஆகிவிட்டது.

சுற்றிக் காட்டி முடித்ததும் வாசல் மேஜைக்குக் கூட்டிவந்து பார்வையாளர் நோட்டில் எழுதச் சொல்வார். பேர், ஊர், கருத்து. அதற்குள் டீ தீர்ந்திருக்கும். டீ குடித்தவர்களும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அடுத்த ஞாயிறும் அந்த அம்மா வந்தார். அதே பெஞ்சு. அதே கல். அதே மணி.

மூன்றாவது ஞாயிறு வாத்தியாருக்கு சந்தோஷம் தாங்கவில்லை.

"ஒங்கள மாதிரி இன்ட்ரஸ்ட் எடுக்கறவங்க இப்ப யாரு இருக்காங்க மதாம்? மணிக்குப் பின்னாடி எழுத்து இருக்குது, போன வாரம் காட்டாம விட்டுட்டேன். வாங்க!"

எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. வாராவாரம் ஒரே மணியைப் பார்க்க வரும் டூரிஸ்ட் உலகத்தில் உண்டா? வாத்தியாரையே கேட்டேன்.

"அவுங்க ரிசர்ச் பண்றாங்கக்கா. மொகத்தப் பாத்தாலே தெரீல?"

எனக்குத் தெரியவில்லை. படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நாலாவது வாரமோ என்னவோ, புத்தகம் வாங்கும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்..."

பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். எனக்கு வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது.

"வாத்தியார் வருவாரும்மா. அவரு எல்லாம் சொல்வாரு."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு வாத்தியார் எல்லாம் சொன்னார்.

ஆறாவது ஞாயிறு பேய்மழை. கோயிலில் இருபது பேர் இருந்தால் அதிகம். டூரிஸ்ட் ஒருவரும் இல்லை. அந்த அம்மாவும் வரவில்லை. மழை விடட்டும் என்று வாசல் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே பார்வையாளர் நோட்டு. மனிதர்கள் கருத்து என்று அப்படி என்னதான் எழுதுவார்கள்? பார்த்துவிடலாமே என்று எடுத்தேன்.

பாதி எனக்குப் புரியாத எழுத்து. ஒருவர் மணியைப் படமே வரைந்திருந்தார். நடுவில் தமிழ் கண்ணில் பட்டது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அதனால் மெதுவாகத்தான் போகும்.

பேர்: சுகிர்தம். ஊர்: சாரம். கருத்து: நன்றி.

சாரமா? சாரத்திலிருந்து யாராவது நம் ஊரைச் சுற்றிப் பார்க்க வருவார்களா? டவுன் பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்! பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த வாரமும் அதே பேர்.

'என் கணவரால் நடக்க முடியாது. வீட்டுக்கு வந்து ஜெபிக்க யாராவது வர இயலுமா?'

அதற்கு அடுத்த வாரம் அதையே எழுதி, வீட்டு விலாசம், ரேஷன் கடைக்கு எதிர்வீடு என்று அடையாளம், எல்லாம் போட்டிருந்தது.

அதற்கும் அடுத்த வாரம்: 'போன வாரம் எழுதியது தெளிவாக இல்லையோ என்று மறுபடியும் எழுதுகிறேன்.' கீழே அதே விலாசம், கொஞ்சம் பெரிய எழுத்தில்.

ஐந்தாவது வாரம் விலாசம் இல்லை. ஒரே ஒரு வரி.

'மணி அழகாக உள்ளது.'

அந்த வரியில் விரலை வைத்து மறுபடியும் எழுத்துக் கூட்டினேன்.

"இன்னாம்மா படிக்கிறீங்க?" என்று ஆயர் வந்தார். நோட்டை அவர் பக்கம் தள்ளினேன். நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தவர், இரண்டாவது பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வாத்தியாரைக் கூப்பிட்டார்.

வாத்தியார் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தார்.

"அஞ்சு தடவையும் நான்தான்க்கா பேனாவத் தொறந்து கையில குடுத்தேன்..."

"நான் அவுங்கள ஒங்ககிட்ட தள்ளிவுட்டேன்" என்றேன். யார் தப்பு பெரிசு என்று பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. மழைக்காகத்தான் அவர் வரவில்லையா, இல்லை எங்களை விட்டே போய்விட்டாரா?

அன்று சாயங்காலமே கிளம்பினோம். நானும் வாத்தியாரும் ஆட்டோவில். ஆயர், திருவிருந்துக்கு அப்பமும் திராட்சை ரசமும் வைத்த சின்னப் பையோடு வண்டியில். வழியெல்லாம் வாத்தியார் வாயே திறக்கவில்லை. அவரோடு அப்படி ஒரு பயணம் எனக்கு அதுதான் முதல் தடவை.

ரேஷன் கடை. எதிர்வீடு. கதவைத் திறந்த சுகிர்தம்மா எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். உள்ளே கட்டிலில் அவர் வீட்டுக்காரர் சாமுவேல் ஐயா. பளபளவென்று ஷேவ் செய்த முகம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. எதிரே மூன்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தயாராக இருந்தது.

"வாங்க, வாங்க! நாலு வாரமா 'வர்றோம், வர்றோம்'னு சொல்லியனுப்பிக்கினே இருந்தீங்களே... இன்னா, அவ்ளோ பிஸியா?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. நாங்கள் எதையும் சொல்லி அனுப்பவில்லை. இந்த அம்மாதான் ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு வந்து, 'அடுத்த வாரம் வர்றாங்களாம்' என்று சொல்லியிருக்கிறார். எங்களுக்காக! புருஷன் மனம் உடையக் கூடாது, கோயில் பேரும் கெடக் கூடாது என்று... கதவு ஓரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் அப்படி ஒரு பயம்.

வாத்தியார் நேர்மையான மனிதர். அதுதான் ஆபத்து.

"இல்லீங்களே, எங்ககிட்ட யாருமே—" என்று ஆரம்பித்தார்.

அவர் காலை ஒரு மிதி மிதித்தேன். நாலு பேர் நடுவில் வாயே திறக்காதவள், என் குரல்தானா என்று நானே திகைக்கும்படி பேசினேன்.

"ஆமாங்கய்யா, கெளம்பித்தான் வந்தோம். வூடு தெரியாம சுத்திட்டுத் திரும்பிட்டோம்."

"அடடா! எங்க தேடினீங்க?"

"ரெண்டாவது... குறுக்குத் தெருவுல."

ஆயருக்கு இருமல் வந்தது.

"அதான பாத்தேன்!" சாமுவேல் ஐயா மனைவி பக்கம் திரும்பினார். "நான் சொன்னேன்ல? வழிய ஒழுங்கா சொல்லியிருக்க மாட்டேன்னு! ஒனக்கு எந்த ஊர்லதான் வழி சொல்லத் தெரிஞ்சுது?"

"ஆமா, என் தப்புதான்" என்றார் சுகிர்தம்மா. முந்தானையால் முகத்தைத் துடைத்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

கோலார் தங்க வயல்காரர்கள். சுரங்கத்தை மூடியதும், மகனுக்கு இங்கே வேலை கிடைத்து வந்தவர்கள். அங்கே ஒரு ஞாயிறுகூடக் கோயிலைத் தவறவிடாத மனிதர், வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததிலிருந்து திருவிருந்து எடுக்கவே இல்லையாம். ஆயர் அப்பத்தைக் கொடுத்தபோது நல்ல கையால் வாங்கி வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அவர்தான் ஆரம்பித்தார்.

"ஒங்க கோயில் மணி கடல்ல வுழுந்துச்சாமே? இவ வாராவாரம் வந்து கத சொல்வா. யாரும் வராத நேரத்துல அதான் எனக்குப் பொழுதுபோக்கு. முழுசா சொல்லுங்க வாத்தியாரே."

வாத்தியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சரி, ஒரு மணி நேரம் என்று நானும் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"மணி கெடக்குதுங்க" என்றார் வாத்தியார். "நீங்க பூமிக்குள்ள எவ்ளோ ஆழம் எறங்கியிருக்கீங்க? அத மொதல்ல சொல்லுங்க."

சாமுவேல் ஐயா சொல்லிக்கொண்டே போனார். வாத்தியார் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது — வருகிறவர்களிடம் நம்மைப் பற்றிச் சொல்வதுதான் வரவேற்பு என்று இத்தனை காலம் நினைத்திருக்கிறோம். 'நீங்க எப்டி இருக்கீங்க?' என்ற மூன்று வார்த்தைக்கு எந்தக் குழு வேண்டும்?

இப்போது சுகிர்தம்மா டீயில் எங்களோடு நிற்கிறார். நன்றாக வம்பு பேசுகிறார். இதை எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதுங்கம்மா. அவரு பேப்பர்ல ஸ்போர்ட்ஸ் பக்கம் மட்டும்தான் பாப்பாரு" என்றார்.

நான் சொன்னதில் முன்பின் இருந்தால் எங்கள் சபைக்காரர்கள் திருத்திச் சொல்லுங்கள். சாரம் பக்கம் இருக்கும் வாசகர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வேண்டுகோள். அந்த ரேஷன் கடைக்குப் பக்கத்தில், நான் வாய்க்கு வந்தபடி சொன்ன இரண்டாவது குறுக்குத் தெரு என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா என்று யாராவது ஒரு நடை போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்... சாமுவேல் ஐயாவுக்குச் சக்கர நாற்காலி வரப்போகிறதாம்.