மோவாயில் ஒரு வில்லை

காரைக்குடியில் பருவுக்கு மருந்து சொல்லத் தெரியாதவர் கிடையாது. பால்காரர் சொல்வார், பஸ் கண்டக்டர் சொல்வார், ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் திரும்பி நின்று சொல்வார். பதினான்கு வயதில் முகமெல்லாம் பரு கிளம்பிய நாள் முதல் ஜெரினா கேட்காத மருந்து இல்லை. பூண்டைத் தேய்த்தாள், பேஸ்ட்டைத் தடவினாள், எண்ணெய்ப் பலகாரத்தை விட்டாள். பரு போனால் தழும்பு, தழும்பு ஆறுமுன் அடுத்த பரு. கல்லூரியில் ஒருத்தன் அவளுக்குப் பலாப்பழம் என்று பெயர் வைத்தான். அவனுக்கு இப்போது தலையில் முடி இல்லை; கடவுள் இருக்கிறார்.

இந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் ஆசைப்பட்டுக் கற்றதோ மணப்பெண் அலங்காரம். அப்பா ஜான் பீட்டர் பள்ளி ஆசிரியர். தன்னைப் போல அவளும் வாத்தியாராக வேண்டும் என்றார். அவள் அழுது அடம்பிடித்து ஒரு பார்லரில் உதவியாளாகச் சேர்ந்தாள். நாலு வருடத்தில் கை நன்றாகப் படிந்துவிட்டது. ஆனால் நாற்காலியில் உட்காரும் பெண்கள் அவள் முகத்தை அண்ணாந்து பார்த்ததும், "அக்கா இல்லையா?" என்று முதலாளியம்மாவைத் தேடுவார்கள். ஜெரினா துப்பட்டாவைக் கன்னம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு கொண்டை ஊசி எடுத்துக் கொடுப்பாள்.

பார்லருக்குச் சரக்கு போடுகிறவர் ஒருநாள் ஓர் அட்டை பிம்பிள் பேட்ச் கொடுத்துவிட்டுப் போனார். நிறமில்லாத சின்னச் சின்ன வட்ட வில்லைகள். பழுத்த பருவின் மேல் ஒட்டினால் உள்ளிருக்கும் நீரை இழுத்துக்கொண்டு வெளுத்துப்போகும். ராத்திரி ஒட்டினாள், காலையில் பரு அமுங்கியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவள் செய்தது நம் ஊர்ப் பெண்கள் யாரும் செய்யக்கூடிய காரியம்தான். வில்லையை உரித்து, குளியலறைக் கண்ணாடியில் ஸ்டிக்கர் பொட்டுகளோடு சேர்த்து ஒட்டிவைத்தாள். ராத்திரி அதையே எடுத்து மறுபடி போட்டுக்கொண்டாள். ஐந்து நாள் ஒரே வில்லை. ஆறாம் நாள் கன்னம் இட்லியாக வீங்கியது.

"புண்ணைத் தொடச்ச பஞ்சை மறுபடி புண்ணுலயே வைப்பியாம்மா?" என்று டாக்டர் சிரித்தார்.

அதற்குப் பிறகு ஒழுங்கானாள். முகம் கழுவி, ஈரம் ஒற்றி, வேறெதுவும் தடவாமல் புது வில்லை, காலையில் குப்பைக்கூடை. கை கிள்ளாததால் புதுத் தழும்புகள் வருவது நின்றது. பழைய தழும்புகள் அப்படியே இருந்தன. அவற்றை எந்த வில்லையும் எடுக்காது என்று அவளுக்கே தெரியும்.

போன தை மாதம் ஒரே நாளில் இரண்டு கல்யாணம். முதலாளியம்மா தேவகோட்டைக்குப் போக, கண்டனூர் ஜெரினாவுக்கு வந்தது. தனியாக அவள் ஒப்புக்கொண்ட முதல் மணப்பெண். வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு, ஜேஜே என்று இருந்தது. முதல் நாள் சாயங்காலம் அவள் உள்ளே போனபோது மணப்பெண் மெய்யம்மை அழுதுகொண்டிருந்தாள். மூக்கோரம் பழுத்த பரு ஒன்று. சுற்றிலும் ஏழு பெண்கள், ஏழு மருந்து.

பெண்ணின் தாயார் உமையாள் ஆச்சி ஜெரினாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"உம் மூஞ்சியவே சரிபண்ணிக்கத் தெரியல, எம் மகளுக்கு என்னத்தப் பண்ணப் போற? மதுரைக்குப் போன் போடுங்கப்பா, வேற ஆளு வரட்டும்."

ஜெரினாவுக்குக் காது சுட்டது. இன்று திரும்பிப் போனால் ஆயுசுக்கும் கொண்டை ஊசிதான். துப்பட்டாவை இழுக்கப் போன கை பாதியில் நின்றது. அதை முகத்திலிருந்து விலக்கி இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

"பதிமூணு வருசமா இந்த மூஞ்சியோட மல்லுக்கட்டுறேன் ஆச்சி. பருவப் பத்தி இந்த வீட்டுல என்னையவிட யாருக்குத் தெரியும்? காலையில வரைக்கும் பாருங்க. அமுங்கலைன்னா நானே கெளம்பிப் போயிடுறேன்."

"இவுகளே பாக்கட்டும்மா," என்றாள் மெய்யம்மை மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

யாரோ அப்பியிருந்த சந்தனத்தைக் கழுவி, துணியால் ஒற்றி, வில்லையை ஒட்டினாள் ஜெரினா. "கை வைக்காதீக. மஞ்சளோ சந்தனமோ மேல படக் கூடாது," என்று ஏழு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னாள். பதற்றத்தில் தன் மோவாயிலும் ஒன்று பழுத்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்து, வீட்டுக்குப் போய்த் தனக்கும் ஒன்று ஒட்டிக்கொண்டாள்.

விடிந்ததும் ஓடிவந்தாள். மெய்யம்மை குளித்துவிட்டு ஈரத்தலையோடு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து ஆச்சியின் குரல் பெருமையாக வந்தது.

"அந்த ஒட்டைத் தேடாத. குளிக்கையில நானே எடுத்துப் பத்திரமா வச்சிருக்கேன். மறுவீட்டுக்கு ஆகும்ல?"

தேக்குச் சட்டம் போட்ட கண்ணாடியில், சிவப்புப் பொட்டுகளின் வரிசையில், வெளுத்துப் பொங்கிய வில்லை ஒன்று உட்கார்ந்திருந்தது.

ஜெரினா வீடே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே தன் இட்லிக் கன்னக் கதையைச் சொல்லிமுடித்தாள். ஆச்சி அவசரமாக அதை உரித்துக் குப்பையில் போட்டார். மெய்யம்மை வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பினாள். பரு அமுங்கி, சின்னச் சிவப்பு மட்டும் மிச்சம்.

"இதை மறைக்க எனக்கு ரெண்டு நிமிசம்," என்றாள் ஜெரினா. ஆனந்தமாகத் தூரிகையை எடுத்தாள்.

கழுத்துருத் தாலி ஏறி முடிந்து, போட்டோ எடுக்கும் நேரத்தில் ஆச்சி கூட்டத்துக்கு மேலே குரல் கொடுத்தார். "எம் மகளுக்கு அலங்காரம் பண்ணுன புள்ள எங்க? இங்குட்டு வந்து நில்லு!"

மேடையேறும்போதுதான் மோவாய் வில்லை ஞாபகம் வந்தது. காலை அவசரத்தில் அதை எடுக்க மறந்திருந்தாள். பிய்க்கப் போன கையை ஆச்சி பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும். அது மாதிரி ஒண்ணுதானே எங்க மானத்தக் காப்பாத்துச்சு. நான் சொன்னத மனசுல வச்சுக்காத."

"வச்சுக்குவேன் ஆச்சி. அந்த ரோசத்துலதான் நின்னேன்," என்றாள் ஜெரினா. ஆச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடுதான் படம் விழுந்தது.

இந்த வருடம் காரைக்குடியில் ஜெரினா சொந்தமாகக் கடை போட்டிருக்கிறாள். மற்ற பார்லர் போர்டுகளில் யாரோ வடக்கத்திப் பெண்கள் பளபளக்கிறார்கள். இவள் போர்டில் இவளேதான். கண்டனூர்ப் படம், தழும்பும் மோவாய் வில்லையுமாக. "தழும்பை அழிச்சிரவாக்கா?" என்று கேட்ட டிசைனரிடம், "ஒரு புள்ளியத் தொட்டாலும் போர்டு எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டாள்.

ஆனி வரை முகூர்த்த நாள் ஒன்றும் காலி இல்லை. நாற்காலியில் உட்காரும் பெண்கள் இப்போதும் அண்ணாந்து அவள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, "போர்டுல இருக்குற அக்கா நீங்கதானே?" என்று நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.