நாலு விரல் இறக்கம்

என் வீட்டுக்காரி எதையும் ஒரே தடவைதான் சொல்வாள். கேட்டால் சரி, கேட்காவிட்டால் அதோடு விட்டுவிடுவாள். இரண்டாம் தடவை சொன்னால் கெஞ்சுவது மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்கு எண்ணம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இந்தக் குணம் எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. பதினாலு வருஷமாக இஸ்திரி மேஜைதான். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர் கோட்டு, ஆபரேஷன் அறையின் பச்சைத் துணி என்று எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் போகும். ஒரு விரிப்பைத் தூக்கிப் பார்த்தே அதில் எவ்வளவு ஈரம் மிச்சம் என்று சொல்லிவிடுவாள். காலை ஆறு மணிக்கு ஷிப்டு. அங்கே அவளுக்குக் கடிகாரக்கா என்று பட்டப்பெயர். அவள் வாசலில் நுழைவதைப் பார்த்து, சுவரில் இருக்கிற கடிகாரம் ஓடுகிறதா நிற்கிறதா என்று சரிபார்த்துக்கொள்வார்களாம். இதைப் பெரிய பெருமையாக அவள் சொன்னதில்லை. சொல்லும்போது முகம் மட்டும் கொஞ்சம் மாறும்.

அப்புறம் ஐந்தேகால் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஆள் ஏறுவதில்லையாம். அடுத்த பஸ் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி ஆறு பத்துக்குத்தான் கொண்டுபோய் இறக்கும். முதல் நாளே வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராகச் சிவப்புக் கோடு போட்டுவிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் மூன்று கோடு விழுந்தால் வேலை போய்விடும். சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. சூப்பர்வைசர் நல்லவர்தான், ஆனால் கோடு விஷயத்தில் அவர் கையில் ஒன்றும் இல்லை.

அன்று சாயந்திரம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பதினாலு வருஷத்துல இதான் முதல் கோடு" என்றாள். அதையும் ஒரு தடவைதான் சொன்னாள்.

நான் கேட், கிரில் செய்கிற வெல்டர். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் இரண்டு அறை வீடு. வண்டி வாகனம் என்று எதுவும் கிடையாது. செய்த கேட்டை ஏற்றிப்போக வாடகை வண்டி பிடிப்பேன். மறுநாளிலிருந்து அவள் ஆட்டோ பிடித்துப் போனாள், கூலியில் பாதி அதற்கே போனது. அந்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் கேட் மாட்டப் போன இடத்தில், ஷெட்டுக்குள் ஒரு பழைய சைக்கிள் கிடந்தது. கேட்டேன், எடுத்துக்கொண்டு போ என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆறு கிலோமீட்டர். மிதித்தால் அரை மணி. அவள் சின்ன வயதில் ஓட்டியவள்தான்.

டியூப், டயர் இரண்டும் புதிதாகப் போட்டு, பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். தெருவில் ஒரு சுற்றுப் போய் வந்து, பக்கத்து வீட்டுச் சுவரை எட்டிப் பிடித்துத்தான் இறங்கினாள். இறங்கினதும் சொன்னாள்:

"சீட்ட நாலு விரல் இறக்கிக் குடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

இறக்கத்தான் பார்த்தேன். சீட்டைத் தாங்குகிற கம்பி உள்ளே துருவேறிப் பிடித்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினேன். சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினேன். அசையவில்லை. சரி, ஊறட்டும், நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன். விட்டது விட்டதுதான். அதற்குள் என் கவனம் வேறு பக்கம் போய்விட்டது.

கையில் வெல்டிங் மிஷின் இருக்கிறவனுக்கு எதைப் பார்த்தாலும் ஒட்டவைக்கத் தோன்றும். அவள் பை வைக்க முன்னால் ஒரு கூடை வேண்டுமே என்று பத்து மில்லிக் கம்பியில் கூடை செய்தேன். ஜன்னல் கிரில்லில் போடுகிற அதே வளைவை அதிலும் போட்டேன். துணி செயினில் மாட்டக்கூடாது என்று தகட்டில் மூடி செய்தேன். வண்டியோடு வந்த கேரியர் ஒல்லியாக இருந்தது, அதற்கு இரண்டு பக்கமும் ஆங்கிள் இரும்பு கொடுத்தேன். நிறுத்தினால் சாயாமல் இருக்க ஸ்டாண்டு. அது ஒரு லாரியையே தாங்கும். மழை வந்தால் குடை செருக ஒரு குழாய். அந்தக் குழாய்க்கு ஒரு மூடி.

மச்சினன், அவளுடைய தம்பி, அந்தப் பக்கம் வந்தவன் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"மச்சான், சைக்கிளு எங்க? கேட்டுக்குப் பின்னாடி நிக்குதா?"

"போடா, வேலையத்தவனே."

"இல்ல மச்சான், இன்னும் ரெண்டு ஷீட்டு போட்டீங்கன்னா மேல ஒரு ரூம் எடுத்து வாடகைக்கு விடலாம்."

நானும் சிரித்தேன். அவள் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், சிரிக்கவில்லை. ஒவ்வொன்றும் மாட்டி முடித்ததும் நான் திரும்பி, "பழகிடும், பழகிடும்" என்பேன். அவள் ஒன்றுமே கேட்காதபோது நான் எதற்கு அப்படிச் சொன்னேன் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

முதல் நாள் போய்விட்டு வந்தாள்.

"எப்படிப் போச்சு?"

"போச்சு."

எனக்கு அது போதுமாக இருந்தது. பட்டறைக்கு வந்தவனிடமெல்லாம் என் வீட்டுக்காரி சைக்கிளில் வேலைக்குப் போகிற கதையைச் சொன்னேன். என் கூடை டிசைனைச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அவள் கிளம்புகிற நேரம் முன்னால் நகர ஆரம்பித்தது. ஐந்து இருபதுக்குக் கிளம்பியவள் நாலு நாற்பதுக்கே கிளம்பினாள். ஏன் என்று கேட்டேன். ரயில் கேட்டை மூடிவிடுவான் என்றாள். முன்யோசனைக்காரி என்று நினைத்துக்கொண்டு மறுபடி படுத்துவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் என் சட்டையெல்லாம் சுருக்கத்தோடு வர ஆரம்பித்தது. காலர் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். "ஊருக்கெல்லாம் மடிப்புக் கலையாம தேய்ச்சுக் குடுக்குற, உம்புருஷன் மட்டும் கசங்கித் திரியணுமா?" என்று அவள் தம்பி இருக்கும்போதே கிண்டல் பண்ணினேன். அவள் சட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைக்கிளுக்குக் கண்ணாடி ஒன்று மாட்டலாம் என்று உட்கார்ந்தேன். பின்னால் வருகிற வண்டி தெரிய வேண்டும் இல்லையா. ஹாண்டில்பாரில் இடம் பார்த்துக்கொண்டே சக்கரத்தைத் திருப்பியபோது டயரில் கை பட்டது. முள்ளு முள்ளாகக் குத்தியது.

புது டயரில் மெல்லிசாக ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்கும். ரோட்டில் நாலு நாள் ஓடினால் தேய்ந்து போய்விடும். இதில் நடுவிலும் இருந்தது, ஓரத்திலும் இருந்தது. பிரேக் கட்டையைப் பார்த்தேன், கடையில் வாங்கினபடி இருந்தது. செயினில் நான் தடவிய கிரீஸில் புழுதியே இல்லை. இரண்டு மாதத்தில் அறுநூறு கிலோமீட்டராவது ஓடியிருக்க வேண்டிய வண்டி.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் எப்படி ஓடுகிறது என்று சாதாரணமாகக் கேட்டேன். "நல்லாத்தான் ஓடுது" என்றாள், மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தினமும் நாலு நாற்பதுக்குக் கிளம்புகிறாள். சைக்கிள் ஓடவே இல்லை. அப்படியென்றால் எதில் போகிறாள், எங்கே போகிறாள், யாரோடு போகிறாள்? சந்தேகம் என்று எழுத அசிங்கமாக இருக்கிறது, ஆனால் அது சந்தேகம்தான். கண்ணாடியை மாட்டாமலே எழுந்துவிட்டேன்.

மறுநாள் அவள் கிளம்பியதும் நானும் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். அவள் சைக்கிளில் ஏறவே இல்லை. இடுப்பை முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை போனாள். அங்கே மரக்கடை வேலியோரம் நிறுத்திப் பூட்டினாள். கூடையிலிருந்து பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். நடை என்றால் அப்படி ஒரு நடை. முன்னால் எதையோ தவறவிட்டவள் மாதிரி.

மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. பூட்டைத் திறந்து ஏறி மிதித்தேன். மேடு வந்தால் இறங்கி, மூச்சு வாங்கி, அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ரயில் கேட்டுக்கு நான் போய்ச் சேரும்போது அவள் நடக்கிறவர்களுக்கு விட்டிருக்கிற சந்தில் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். அதற்குள் கேட்டை இறக்கிவிட்டார்கள். சரக்கு வண்டி. நான் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டேன்.

கேட்கீப்பர் கையில் கொடியோடு நின்றவர் என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைத்தான் பார்த்தார்.

"இந்த வண்டியா?" என்று கிட்டே வந்தார். "இதச் செஞ்ச மகராசன் நீங்கதானா?"

நான்தான் என்றேன்.

"எத்தன டன்னு?"

நடந்ததை அவரே சொன்னார். இரண்டு மாதம் இருக்குமாம். இதே மாதிரி கேட் மூடியிருந்தபோது ஒரு அம்மா வந்து பிரேக் பிடித்திருக்கிறாள். நின்றுவிட்டாள், ஆனால் காலை ஊன்ற முடியவில்லை. கால் காற்றில் தேடியிருக்கிறது. வண்டி சாய, இரும்பு மொத்தமும் அவள் மேல். வலது கை அடியில் மாட்டிக்கொண்டது.

"தூக்க ரெண்டு பேரு வேண்டியிருந்துச்சுங்க. மணிக்கட்டு இப்படி வீங்கிப்போச்சு. உக்காருங்கம்மான்னா, நேரமாச்சுன்னு ஓடுது அந்தம்மா. வண்டி சாயந்திரம் வரைக்கும் எங்கிட்டதான் கிடந்துச்சு."

சுற்றிலும் பார்த்தேன். கேட்டுக்கு நின்ற சைக்கிள்காரர்கள் எல்லோரும் ஒரு காலைத் தரையில் ஊன்றி, சீட்டில் உட்கார்ந்தபடியே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். என் காலும் தரையில் நன்றாக ஊன்றியிருந்தது. எனக்கு எட்டியது. அவள் என் தோளுக்குத்தான் இருப்பாள்.

அப்போதுதான் சட்டை ஞாபகம் வந்தது. இடது கையால் தேய்த்திருக்கிறாள். வீட்டில் என் சட்டையை இடது கையால் தேய்த்தவள், அங்கே எட்டு மணி நேரம் எந்தக் கையால் தேய்த்திருப்பாள்? ஒரே பாயில் படுக்கிறவன் எனக்கு அது தெரியவில்லை, கொடி பிடிக்கிற ஆளுக்குத் தெரிந்திருக்கிறது.

சரக்கு வண்டி போய் முடிந்து கேட்டைத் தூக்கினார்கள். நான் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயந்திரம் அவள் வந்ததும் வண்டி பட்டறைக்குள் நிற்பதைப் பார்த்தாள். பார்த்ததுமே எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. கையைக் காட்டு என்றேன். காட்டினாள். வீக்கம் வற்றியிருந்தது, மணிக்கட்டு எலும்பு மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

"விழுந்த அன்னைக்கு என்னாச்சு?"

"ஆறு மணி ஏழு நிமிஷம் ஆயிடுச்சு. ரெண்டாவது கோடு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே."

"எப்ப சொன்ன?"

"மொத நாளே சொன்னேன். நாலு விரலுன்னு."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம் வந்தால் எதிரில் இருக்கிறவர் மேல்தான் விழும். இன்னொரு தடவை சொன்னால் வாய் தேய்ந்தா போகும் என்று கத்தினேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"நீங்க தினம் ஒண்ண ஒட்டவச்சுட்டு, என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிச்சீங்க. அதுல எங்க போய் சொல்றது?"

சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

நான் வெல்டிங் கேஸைத் திறந்து பற்றவைத்தேன். சீட்டுக் கம்பியைச் சுற்றி, வண்டிக் குழாயில் சூடு காட்டினேன். சூட்டில் குழாய் விரிந்து கொடுத்தது. குறடு போட்டு முறுக்கினேன், கிரீச் என்று ஒரு சத்தம், கம்பி கையோடு வந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம் ஆகவில்லை. துருவைத் துடைத்து, கிரீஸ் தடவி, நாலு விரல் இறக்கி முடுக்கினேன். வெல்டரின் வீட்டில், நெருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் செய்யாத வேலை இது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வெறி வந்தவன் மாதிரி கிரைண்டரை எடுத்தேன். கூடை, குடைக்குழாய், செயின் மூடி, ஸ்டாண்டு எல்லாவற்றையும் அறுத்துத் தள்ளினேன். மச்சினன் சத்தம் கேட்டு வந்து நின்றான், ஒரு கிண்டலும் பண்ணவில்லை. அறுத்த இரும்பைச் சாக்கில் போட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டு, அக்கா இருக்கிற பக்கம் ஒரு தரம் பார்த்தான். சாக்கைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவளைக் கூப்பிட்டேன். வந்து ஏறி உட்கார்ந்தாள். இரண்டு காலின் முன்பாதமும் தரையில் பட்டது. ஒரு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

"எட்டுது" என்றாள்.

"நாளைக்கு இதுல போறியா?"

இறங்கிவிட்டாள். இன்னும் ஒரு கோடுதான் பாக்கி, ஆறு மாதம் முடிய மூன்றரை மாதம் இருக்கிறது, அதுவரைக்கும் தன் காலை நம்பித்தான் போக வேண்டும் என்றாள். அவள் சொன்னதில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அப்படின்னா நான் மிதிக்கிறேன். நீ பின்னால உக்காந்துக்க. தினம் கொண்டுபோய் விடுறேன்."

அவள் சைக்கிளின் பின்பக்கத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மட்கார்டுதான் இருந்தது. ஆங்கிள் கொடுத்த கேரியரையும் சேர்த்து அறுத்துப் போட்டிருந்தேன்.

"திரும்ப வச்சிடலாம். ஒரு மணி நேர வேலை" என்று சாக்கைத் தூக்கினேன்.

"வேண்டாங்க. மறுபடி ஆரம்பிக்காதீங்க."

அதையும் ஒரு தடவைதான் சொன்னாள். நான் சாக்கைக் கீழே வைத்தேன்.

நாலு நாற்பதுக்கு அவள் கிளம்பும்போது இப்போது நானும் எழுந்துவிடுகிறேன். முதல் நாள் கூடவே நடந்து பார்த்தேன். மரக்கடை தாண்டுவதற்குள் பின்தங்கிவிட்டேன். "நீங்க வந்தா லேட்டாகும்" என்று திரும்பாமலே சொல்லிவிட்டுப் போனாள். அதனால் மரக்கடை வரைக்கும்தான். அங்கே நின்று, அவள் திருப்பத்தில் மறைகிற வரை பார்த்துவிட்டு வருகிறேன். மழை நாளில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிற்பேன்.

சைக்கிள் பட்டறைச் சுவரில் சாய்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காற்று அடித்து வைக்கிறேன். டயரில் முடி அப்படியே இருக்கிறது. இன்னும் இரண்டு மாதம் பத்து நாள்.