வலன்ரைன் அங்கிளின் கல்யாணப் படங்கள்

வலன்ரைன் அங்கிளிடம் கல்யாணப் படம் எடுக்க ஒழுங்கு செய்பவர்கள் சிங்களத்திலும் அச்சடித்த அழைப்பிதழ் ஒன்றை அவருக்குக் கொடுக்க வேண்டும். சோதனைச் சாவடியில் கமராப் பையைத் திறக்கச் சொல்லும்போது அதைத்தான் முதலில் நீட்டுவார். "மகுல் கெதரட யனவா, மல்லி" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரிப்பார், கல்யாண வீட்டுக்குப் போகிறேன் தம்பி என்று. யுத்தம் நடந்த 2007இல் கொழும்புத் தெருவில் ஒரு தமிழர் இவ்வளவு பெரிய கமராவோடு நிற்பதற்கு வேறு நல்ல காரணம் எதுவும் இருக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் கொம்பனியில் கிளாக்காக இருந்து, அதை விட்டுவிட்டுக் கமராவைத் தூக்கியவர். அவருக்கு வருகிற கல்யாணங்களில் பாதி வெளிநாட்டு மாப்பிள்ளைகளுடையவை. மாப்பிள்ளை இரண்டு கிழமை லீவில் வருவார், தாலி கட்டுவார், போய்விடுவார். பிறகு பெண்ணைக் கூப்பிட அங்கே விசாவுக்குப் பத்திரம் போடும்போது, இது உண்மையான கல்யாணம்தான் என்று காட்டப் படங்கள் வேண்டும். அதனால் அங்கிளின் படங்களில் யாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. இரண்டு பக்கத்துத் தாய் தகப்பன் நிற்பார்கள், சனம் பந்தியில் பிரியாணி பிசையும்.

"சாப்பிடுற படத்தில பொய் சொல்ல ஏலாது, தம்பி" என்பார்.

நான் அவருடைய மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். ஊர் மன்னார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. "மகன் கொழும்பில கொம்பியூட்டர்..." என்று அப்பா கடற்கரையில் எல்லாரிடமும் சொல்லத் தொடங்குவாராம். அந்த வசனத்தை முடிப்பதற்கு ஒரு வேலையை நான் இன்னும் அவருக்குத் தேடிக் கொடுக்கவில்லை.

படங்களை வைக்க ஓர் இடம் இல்லை என்று அங்கிள் ஒருநாள் குறைப்பட்டார். வீட்டில் கிடந்த பழைய கொம்பியூட்டரில் லினக்ஸ் போட்டு அதை ஒரு சேவர் ஆக்கிக் கொடுத்தேன். அங்கிளுக்குப் படங்களை வைக்க இடம் கிடைத்தது. எனக்குச் சுயவிபரத்தில் எழுத ஒரு வரி கிடைத்தது. அவசரம் யாருக்கு அதிகம் என்று இப்போது யோசித்தால் எனக்குத்தான் என்று படுகிறது. அந்தச் சேவருக்குள் இரண்டு டிஸ்க். லினக்ஸ் இருந்தது சின்னதில், படங்கள் பெரியதில். அங்கிளின் கொம்பியூட்டரில் அந்தப் பெரிய டிஸ்க் 'படங்கள்' என்ற ஒரு பெட்டகமாகத் தெரியும். நான் சேவர் என்று சொல்வதை அவருடைய மனைவி டோரின் அன்ரி 'தம்பியின்ர பெட்டி' என்றுதான் சொல்வார்.

ஐப்பசியில் கொழும்பில் பின்னேரங்களில் இடி முழங்கும். முதல் இடிக்கே எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் பிளக் கழற்றுவார்கள். டோரின் அன்ரி ரீவி, பிறிஜ், ரெலிபோன் வயர் என்று ஒரு சுற்று வந்து பிடுங்குவார். மழை விட்டதும் திரும்பக் கொழுவுவார். என் பெட்டி வந்தபிறகு முதல் இடி அந்த வெள்ளிக்கிழமைதான்; சுற்றின் கடைசியில் அதையும் பிடுங்கிக் கொழுவினார்.

சனிக்கிழமை பிறிஜெற்றின் கல்யாணம். அடுத்த ஒழுங்கைப் பெண். மாப்பிள்ளை ரொறன்ரோ, திங்கட்கிழமை விமானம் ஏறிவிட்டார். படங்களை வியாழக்கிழமை அங்கே போகும் ஒரு சொந்தக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

செவ்வாய் காலை அங்கிள் கீழிருந்து கூப்பிட்டார். "தம்பி, பழைய படம் ஒண்டையும் காணேல்ல."

இறங்கிப் போய்ப் பார்த்தேன். பிளக்கைக் கழற்றிக் கொழுவியதில் பெரிய டிஸ்க் இணையாமல் இருந்தது. சேவர் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அதைத் தானாக இணைத்துக்கொள் என்று எழுதவேண்டிய ஒரு வரியை நான் எழுதியிருக்கவில்லை. கையால் ஒரு கட்டளை தட்டினேன். பழைய கல்யாணங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒரு அறுவைச் சிகிச்சை முடித்தவன் மாதிரிக் கதிரையில் சாய்ந்தேன். அன்ரி தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"பிறிஜெற்றின்ர எங்க?" என்றார் அங்கிள்.

இல்லை.

"சனி பின்னேரம் நானே போட்டனான். அப்ப பெட்டகம் வெறுமையாத்தான் கிடந்தது. தம்பி துப்புரவாக்கி வச்சிருக்கிறார் எண்டு நினைச்சன்."

"கேட்டிருக்கலாமே, அங்கிள்?"

"படிச்ச பிள்ளை ஏதோ காரணத்தோட செய்திருக்கும். அதைப் போய்க் கேக்கிறதோ?"

கமராவின் மெமரி அட்டையில் தேடலாம் என்றேன். அதை ஞாயிற்றுக்கிழமை அழித்துவிட்டு ஒரு ஞானஸ்நானம் எடுத்திருந்தார். மீட்கும் மென்பொருள் ஒன்றை அதில் ஓட்டினேன். வந்ததெல்லாம் அழுகிற ஒரு குழந்தை, பல கோணங்களில்.

அதற்குள் பிறிஜெற் வந்துவிட்டாள். வாசலில் நின்றபடியே என் முகத்தைப் பார்த்தாள். பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு எல்லாம் படிப்பித்தார்கள், முகத்தை ஒளிக்கப் படிப்பிக்கவில்லை.

"போயிற்றோ, அங்கிள்?"

"தம்பி பாக்கிறார், பிள்ளை."

"அவர் பாத்துத்தானே இப்பிடி" என்றார் அன்ரி.

"அப்ப நான் எப்பிடிப் போறது? திரும்பக் கட்டுவம் எண்டு அவரைக் கூப்பிட ஏலுமோ?" அவள் கதிரையின் நுனியில் இருந்தாள்.

இன்னொரு மென்பொருளைச் சேவரிலேயே இறக்கப் பார்த்தேன். சின்ன டிஸ்க்கில் இடமில்லை என்றது. லினக்ஸைத் தவிர அதில் நான் எதையும் வைத்ததில்லை. பிறகு எப்படி நிரம்பியது?

அப்போதுதான் விளங்கியது. பெரிய டிஸ்க் இணையாத நேரத்தில் அங்கிள் போட்ட படங்கள் சின்ன டிஸ்க்கில்தான் விழுந்திருக்கின்றன. பெரியதை நான் இணைத்தபோது அது அவற்றுக்கு மேல் மூடிக்கொண்டது. தரையில் சாமான் கிடக்க அதன்மேல் பாயை விரித்தது போல. விரித்துவிட்டுத் தேத்தண்ணியும் குடித்திருக்கிறேன்.

கட்டளை தட்டிப் பெரிய டிஸ்க்கைக் கழற்றினேன். பழைய கல்யாணங்கள் ஒரே நொடியில் மறைந்தன.

"ஐயோ, பழசும் போச்சு!" அங்கிள் தலையில் கை வைத்தார்.

"பொறுங்கோ, அங்கிள்."

வெறும் பெட்டகத்தில் ஒரே ஒரு கோப்புறை நின்றது. பிறிஜெற். அங்கிள் அதைத் திறந்து படங்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். மாதா கோயில் வாசல், தாலி, மோதிரம், கேக், பந்தி.

"இதில என்ன நடந்ததெண்டா," என்று நான் தொடங்கினேன், "ஒரு பாயை நினைச்சுக்கொள்ளுங்கோ..."

"தம்பி, வாயை மூடிக்கொண்டு இரும்" என்றார் அன்ரி.

பிறிஜெற் எழுந்து திரைக்குக் கிட்ட வந்தாள். "அங்கிள், அதில நிப்பாட்டுங்கோ."

பீடத்துக்கு முன்னால் எடுத்த படம். அவள் முக்காட்டுக்குள் குனிந்து நிற்கிறாள். எல்லாரும் பூசை வைக்கிற சுவாமியாரைப் பார்க்க, மாப்பிள்ளை மட்டும் அவளைப் பார்க்கிறார்.

"நான் அண்டைக்கு நிமிரவே இல்ல" என்றாள் பிறிஜெற். "இவர் இப்பிடியோ பாத்தவர்?"

"முழுப் பூசையும் இப்பிடித்தான்" என்றார் அங்கிள். "ரொறன்ரோவுக்கு இதைப் பெரிசா அடிச்சு விடுவம்."

"அவருக்கு வேண்டாம், அங்கிள். அது எனக்கு."