பொட்டு வைத்த குழாய்

முதலில் மிதந்தது என் மகளுடைய செருப்புதான்.

"அப்பா, என் செருப்பு நகருதுப்பா" என்றாள். நான் பாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்தால் படகுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். ஏரியின் நடுவில் இருந்தோம். எனக்கு நீச்சல் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அந்த நிமிடம் என் உயிர் போய்த்தான் திரும்பி வந்தது.

இதைப் படிக்கிற பிள்ளைகளே, நான் பத்தாவது முடித்து ஐடிஐ படித்தவன். எழுதிப் பழக்கம் இல்லை. மாரியம்மன் என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என் மகளை அந்தத் தண்ணீரின் நடுவில் கொண்டுபோய் வைத்தது யார் என்பதையும் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் அம்மா முகத்தில் என்னால் விழிக்க முடியாது.

எங்கள் சொந்த ஊர் ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் கிராமம். கிணற்றுத் தண்ணீரே அடியில் கிடக்கும். படகெல்லாம் காலண்டரில் பார்த்ததுதான். ஓசூருக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. வண்டி செய்யும் ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் கடைசிச் செக்கிங் என் வேலை. ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பானர் வைத்து இறுக்கிப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் அதன் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு. கோடு இருந்தால் அதற்குப் பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவ்வளவு நம்பிக்கையான கோடு அது.

கம்பெனியின் பழைய பங்களாவைக் காலி செய்தபோது ஷெட்டில் ஒரு பாய்மரப் படகு கிடந்தது. எப்போதோ இருந்த வெளிநாட்டு அதிகாரி வாங்கி வைத்ததாம். பதினெட்டு அடி நீளம், ஃபைபர் உடம்பு. எடுத்துக்கொண்டு போகிறவருக்குச் சும்மாவே கொடுப்பதாகச் சொன்னார்கள். யாரும் முன்வரவில்லை. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் ஆறாவது படிக்கிற என் மகள் பவித்ரா, "நமக்குப் படகாப்பா?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

டிராக்டர் டிரைலரில் ஏற்றி வந்து, வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தோம். என் மனைவி செல்வி, "வீட்டுல தண்ணி மூணு நாளைக்கு ஒருக்கா வருது, இவருக்குக் கப்பல் வேணுமாம்" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அந்தப் படகின் அடிப்பாகத்தில் மூன்று ஓட்டைகள் இருந்தன. பழைய படகு என்பதால் வந்தவை இல்லை, செய்யும்போதே வைத்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளைக் குழாய் வெளியிலிருந்து உள்ளே வந்து நட் போட்டு நிற்கும். ஒன்று உள்ளே சேரும் தண்ணீரை வடிக்க, ஒன்று சின்ன வாஷ்பேசினுக்கு. முன்பக்கச் சீட்டுக்கு அடியில் இருந்த மூன்றாவது எதற்கென்று தெரியவில்லை, அதன் வாயை மூடி போட்டு அடைத்திருந்தார்கள். படகு தண்ணீரில் இருக்கும்போது இந்த மூன்று குழாயும் தண்ணீருக்குக் கீழேதான் இருக்கும். ஒன்று உடைந்தாலும் போதும், ஏரி உள்ளே வந்துவிடும்.

பித்தளையைப் பற்றி எனக்குத் தெரியும். வெகு நாள் தண்ணீரில் கிடந்த பித்தளை உள்ளுக்குள் செத்துப்போயிருக்கும். வெளியே முழுசாகத் தெரியும். கத்தியால் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் செம்பு மாதிரி இளஞ்சிவப்பாகத் தெரியும். சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்லது ணங் என்று சொல்லும். கெட்டது மண்சட்டி மாதிரி மொத்தென்று சொல்லும். இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். தெரியாமல் செய்திருந்தால் இவ்வளவு வலிக்காது.

போன வருடம் ஆயுத பூஜை அன்று கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு வந்து, வீட்டில் படகுக்கும் பூஜை போட்டோம். மாரியம்மன் படத்தை முன்பக்கச் சீட்டில் வைத்தோம். படத்துக்கு நேர் கீழே அந்த மூன்றாவது குழாய். சீட்டுப் பலகையைத் தூக்கி, அதற்கும் சந்தனம் பூசி, குங்குமத்தை நன்றாக அப்பி வைத்தேன். பித்தளையே தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமைதான் படகைச் சோதித்தேன். பின்பக்கக் குழாய் இரண்டையும் சுரண்டினேன், தட்டினேன். ணங் என்றன. வாஷ்பேசின் குழாயில் ஒரு கிளிப் தளர்ந்திருந்தது, மாற்றினேன். மஞ்சள் கோடு போட்டேன். மூன்றாவதற்கு வந்தேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. வெடிப்பில் லேசாகச் சிவப்புத் தெரிந்தது. குங்குமம் என்று நினைத்துக்கொண்டேன். கையில் சுத்தியல் இருந்தது. அம்மா படத்துக்குக் கீழே, பொட்டு வைத்த இடத்தில் சுத்தியலால் அடிப்பதா என்று மனம் கூசியது. கையெடுத்துக் கும்பிட்டேன். பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கோடு போட்டுவிட்டுப் பலகையை மூடினேன்.

பக்தி என்றுதான் அப்போது நினைத்தேன். இன்று யோசித்தால், குனிந்து கையை உள்ளே விட வேண்டிய சோம்பலும் அதில் பாதி இருந்தது.

ராயக்கோட்டைப் பக்கம் ஒரு பெரிய ஏரி. அங்கே மீன் குத்தகை எடுத்திருப்பவர் முனியப்பா. பரிசலில் போய் வலை போடுவார். வீட்டில் கன்னடம், நம்மிடம் தமிழ். அவர் ஒத்துக்கொண்டதால் படகை அங்கே இறக்கினோம். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, இரண்டு ஞாயிறு கரையோரமாகவே தனியாக ஓட்டிப் பழகினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. மூன்றாவது ஞாயிறு பவித்ராவைக் கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியில் மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்தோம். பூசாரி கொடுத்த எலுமிச்சம்பழத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கரையில் முனியப்பா ஒரு லாரி டியூபைக் கொண்டுவந்து நீட்டினார். படகில் போகிறவர்களுக்கு டியூப் எதற்கு என்று நான் சிரித்தேன்.

"முழுகமாட்டேன்னு படகு உங்ககிட்ட எழுதிக் குடுத்துதா சாமி?" என்றார் அவர். மகள் முன்னால் எனக்குக் கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகப் போயிற்று. டியூபை வாங்கவில்லை. அவரும் சந்தைக்கு மீன் கொண்டுபோக வேண்டும் என்று மொபெட்டை நோக்கிப் போய்விட்டார்.

ஏறுவதற்கு முன் பவித்ரா கேட்டாள்: "எல்லாம் பாத்துட்டீங்களாப்பா?"

"பாத்துட்டேன் கண்ணு" என்றேன்.

பிள்ளைகளே, என் வாழ்க்கையில் நான் திரும்ப எடுத்துக்கொள்ள நினைக்கிற வார்த்தை அது ஒன்றுதான்.

தண்ணீர் கேனைக் காலால் முன்பக்கச் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். உள்ளே டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கேன் எதிலோ இடிக்கிறது என்று விட்டுவிட்டேன். நல்ல காற்று. பாய் உப்பியது. கரை சின்னதாகிக்கொண்டே போனது. பவித்ரா கையைத் தண்ணீரில் விட்டுக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். அதற்கப்புறம்தான் செருப்பு மிதந்தது.

சீட்டைத் தூக்கினேன். மூன்றாவது குழாய் அடியோடு முறிந்து கிடந்தது. முறிந்த இடம் முழுக்க இளஞ்சிவப்பு. குங்குமம் இல்லை. ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒரு முழ உயரத்துக்குப் பீய்ச்சிக்கொண்டு வந்தது. உள்ளங்கையால் அழுத்தினேன், விரல்களுக்கு இடையில் வந்தது. துண்டைத் திணித்தேன், வெளியே தள்ளிவிட்டது. பவித்ரா டிபன் பாக்ஸ் மூடியால் தண்ணீரை மொண்டு ஊற்றினாள். அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே மொண்டாள். அந்தப் பார்வைக்கு அழுகையே தேவலாம்.

சத்தமாகவே கும்பிட்டேன். "தாயே, பாக்காமயே பாத்தேன்னு சொன்னவன் நான். தண்டனைய எனக்குக் குடு. புள்ளய விட்டுடு."

சொல்லிக்கொண்டே இன்னும் குனிந்தேன். சட்டைப்பையிலிருந்து எலுமிச்சம்பழம் தண்ணீரில் விழுந்து, அந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே சுற்றியது. ஒரு நொடி சும்மா பார்த்தேன். பிறகு துண்டு நுனியில் அதைச் சுற்றி, ஓட்டையில் வைத்து, குதிகாலால் மிதித்தேன். பழம் நசுங்கி உள்ளே போய் அப்படியே பிடித்துக்கொண்டது. பீய்ச்சல் நின்று, கசிவாக மாறியது. காலை எடுக்காமல் நின்றேன். காலை எடுக்க முடியாததால் பாயைத் திருப்பவும் முடியவில்லை. படகு காற்றுக்குப் போன பக்கமெல்லாம் போனது.

அப்போதுதான் பரிசல் வருவதைப் பார்த்தோம். முனியப்பா ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்குச் சந்தையில் இருப்பவர். அன்றைக்கு மொபெட் ஸ்டார்ட் ஆகவில்லையாம். உதைத்து உதைத்து அலுத்துப்போய் ஏரியைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். பாய் தாறுமாறாக அடித்துக்கொள்வது தெரிந்திருக்கிறது.

பரிசலை ஒட்டி நிறுத்தி, முதலில் டியூபைப் பவித்ராவுக்கு மாட்டினார். "பயப்படபேடம்மா" என்று பாதிக் கன்னடத்தில் சொல்லி அவளைத் தூக்கிப் பரிசலில் உட்கார வைத்தார். பிறகு என் காலுக்கு அடியில் பார்த்தார். படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கரை சேர்த்தார். சேர்ந்த பிறகுதான், "பழம் யார் குடுத்தது?" என்றார். அம்மா கோயில் என்றேன். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார். பிறகு மொபெட்டிடம் போய் ஒரே உதை உதைத்தார். வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. கூடையில் பாதி மீன் கெட்டிருந்தது. அதைப் பற்றி இன்றுவரை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பழம் அந்த அளவில் இருந்தது தற்செயல் என்று சிலர் சொல்வார்கள். மொபெட் பழசு என்றும் சொல்வார்கள். சொல்லட்டும். தண்ணீரில் நின்றவன் நான். கேட்டது கிடைத்தது எனக்குத் தெரியும்.

ஆனால் அம்மா காப்பாற்றியதால் நான் செய்தது சரியாகிவிடவில்லை. பவித்ரா அன்றிலிருந்து படகில் ஏறவில்லை. நான் எதைச் சொன்னாலும், "நெசமாவே பாத்தீங்களா?" என்று கேட்கிறாள். அடுப்புக் கேஸை மூடினேன் என்றால் எழுந்து போய் அவளே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறாள். கோபமாகச் செய்வதில்லை. சாதாரணமாகச் செய்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிள்ளையின் உயிரைத் தாய் திருப்பிக் கொடுத்தாள். பிள்ளையின் நம்பிக்கையை நானேதான் சம்பாதிக்க வேண்டும்போல.

கம்பெனியில் இப்போது ஸ்பானர் வைக்காமல் ஒரு கோடும் போடுவதில்லை. முன்பு அவசர லோடு என்று நாலைந்து தடவை அப்படிப் போட்டிருக்கிறேன். அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். அந்த வண்டிகள் எந்த ஊரில் ஓடுகின்றனவோ, அவற்றில் போகிறவர்களுக்காகத் தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன்.

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு முன், வீட்டுக்கே திரும்பி வந்துவிட்ட படகின் மூன்று குழாயையும் கழற்றிப் புதியது போட்டேன். பூஜை அன்று சந்தனக் கிண்ணத்தோடு சீட்டைத் தூக்கினேன். பவித்ரா வந்து கிண்ணத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, சுத்தியலைக் கொடுத்தாள்.

"மொதல்ல தட்டுங்கப்பா. சாமி கோச்சுக்காது."

தட்டினேன். ணங் என்றது. அவள் காதைக் கிட்டே வைத்து, இன்னொரு தடவை என்றாள். மூன்று குழாயையும் அப்படியே கேட்டாள். அப்புறம்தான் கிண்ணத்தை நீட்டினாள்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு கஷ்டம் வந்தால் மாரியம்மாவைக் கூப்பிடுங்கள், வருவாள். என்னைப் போன்றவனுக்கே வந்தாள். வராத நாள்களிலும் நம் வீட்டைச் சுற்றித்தான் இருக்கிறாள். ஆனால் உங்கள் அப்பாவோ அம்மாவோ "பாத்துட்டேன்" என்று சொன்னால், பவித்ரா மாதிரி ஒரு தடவை திருப்பிக் கேளுங்கள். நல்ல தகப்பனாக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டான். எழுந்து போய்ப் பார்ப்பான்.

படகு செங்கல்மேல்தான் இருக்கிறது. அவள் ஏறுகிறேன் என்று சொல்லும்வரை நான் அதை ஏரிக்குக் கொண்டுபோகப் போவதில்லை. வாரம் ஒருமுறை போய் மூன்று குழாயையும் தட்டிவிட்டு வருகிறேன். சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் அந்தச் சத்தத்தைக் கேட்கிறாள் என்று செல்வி சொன்னாள்.