சகுந்தலா அக்கா துண்டு போட்டு வைத்த இழைகள்

லைன்மேன் கோபால் அண்ணன் காலையில் போன் செய்தால் எங்கோ கேபிள் அறுந்துவிட்டது என்று பொருள். அன்று மகளுக்குத் தடுப்பூசி போட வரிசையில் நின்றிருந்தேன். எடுத்தவுடன், "எங்கண்ணே அறுந்துச்சு?" என்றுதான் கேட்டேன். "அக்கா போயிட்டாங்கம்மா. நெஞ்சு வலின்னாங்களாம், ஆஸ்பத்திரி வரைக்கும்கூட தாங்கல" என்றார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. தஞ்சாவூரில் நம் டெலிபோன் ஆபீசில் அக்கா என்றால் ஒருவர்தான்.

நம் ஆபீஸ் குழுவில் நீங்கள் எல்லோரும் அவரைப் பற்றி எழுதி முடித்துவிட்டீர்கள். நான் ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். சொல்ல வேண்டிய ஒன்று பாக்கியிருந்தது. அதைச் சொல்லாமல் வேறு எதுவும் எழுத வரவில்லை.

நான் நிறைமாதமாக இருந்தபோது, பாபநாசம் பஸ் பிடிக்க வேண்டிய அக்கா, மாலையில் என்னோடு மன்னார்குடி பஸ் நிற்கும் இடத்துக்கு வருவார். பஸ் நிற்பதற்குள் கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் தன் டிபன் பையை எறிந்து ஒரு சீட்டைப் பிடித்துவிடுவார். "பை போட்டா சீட்டு உன்னோடதா?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். "என்னோடது இல்ல. இதோ வருது பாருங்க, ரெண்டு உசுரு, அதுங்களோடது" என்றார் அக்கா. அந்த மனிதர் தானே விலகி எனக்கு வழிவிட்டார்.

பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது, கேபிள் பதிவேட்டைக் கணினியில் ஏற்றிச் சரிபார்க்கும் வேலையை எனக்குத் தந்தார்கள். கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழைகளில் எந்த ஊருக்கு எது, எது யாரிடம் இருக்கிறது, எது காலி என்பதெல்லாம் அக்காவின் பொறுப்பில் இருந்த பதிவேடு. அதில் நீடாமங்கலம் வழியாகப் போகும் கேபிளில் இரண்டு ஜோடி இழைகள் "பழுது" என்றிருந்தன. கோபால் அண்ணனைச் சோதிக்கச் சொன்னேன். இரண்டிலும் வெளிச்சம் தடையில்லாமல் போனது. "காலி" என்று திருத்தினேன். பெரிய தவறைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை வேறு.

பத்தே நாளில் திட்டப் பிரிவு இரண்டையும் எடுத்துக்கொண்டது. ஒன்று ஒரு வாடிக்கையாளருக்குப் போனது. மற்றொன்று, நம் அதிகாரிகள் திருவாரூர் ஆபீசோடு வீடியோவில் மீட்டிங் நடத்துவதற்கு.

"யாருடி இத காலின்னு போட்டது?" என்று அக்கா என் மேஜைக்கு வந்தார்.

"நான்தான்க்கா. நல்லா இருக்கறத யாரோ பொய்யா எழுதி வெச்சிருக்காங்க."

"அந்த யாரோ நான்தான். பஸ்ஸுல சீட்டு காலியா இருந்தா எவனாவது விட்டு வெப்பானா? ஒரு அவசரத்துக்குன்னு துண்டு போட்டு வெச்சிருந்தேன். நீ எடுத்து அழகா மடிச்சுக் குடுத்துட்ட."

ஆற்றில் தண்ணீர் திறப்பதற்கு முன், வாய்க்கால் தூர்வாரும் மாதம்தான் நமக்கு மோசமான மாதம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஜூனில் வடுவூர்ப் பக்கம் ஒரு பொக்லைன் கரையோடு சேர்த்துக் கேபிளையும் அள்ளிவிட்டது. மன்னார்குடி நின்றது, அதற்கு அப்பால் எங்கள் கூத்தாநல்லூரும் நின்றது. அங்கே என் தங்கை பர்வீனிடம் பத்து மாத மகளைக் காய்ச்சலோடு விட்டு வந்திருந்தேன். முந்தின மாதம்தான் காய்ச்சலில் அவளுக்கு வலிப்பு வந்திருந்தது. துபாயிலிருந்து கணவர் திரும்பத் திரும்ப அழைத்தார்: "வீட்டுக்கு லைன் போகலையே, நீ அங்கதானே வேலை பார்க்கிற?" நீடாமங்கலம் வழியாகத் திருப்பிவிட ஓர் இழைகூட இல்லை. காலி செய்தவள் நான்.

அக்கா என் முகத்தை ஒருமுறை பார்த்தார். போய் மீட்டிங் லைனைக் கழற்றி, மன்னார்குடிக்குத் திருப்பிவிட்டார். அடுத்த நிமிடம் அதிகாரி படியிறங்கி வந்தார்.

"மீட்டிங் பாதியில போச்சு! திருவாரூர்ல எல்லாரும் காத்திருக்காங்க!"

"திருவாரூர்ல எல்லாரும் நல்லா இருக்காங்க சார், இப்பதானே திரையில பார்த்தீங்க. கூத்தாநல்லூர்ல யாரு எப்படி இருக்காங்கன்னு தெரியல."

என் போன் அடித்தது. "டாக்டர்கிட்ட போயிட்டு வந்துட்டோம்க்கா. இப்ப இட்லிக்கு அழுவுறா" என்றாள் பர்வீன். நான் அழுததைப் பார்த்து அக்கா, "உன் புள்ளைக்காக மாத்தலடி, ரொம்ப நெனச்சுக்காத. அந்தப் பக்கம் எத்தன வீட்டுல காய்ச்சலோ" என்றார்.

அனுமதியில்லாமல் லைனைக் கழற்றியதற்கு அவருக்கு மெமோ வந்தது. மாற்று இழை ஏன் ஒன்றுகூட வைத்திருக்கவில்லை என்றும் கேட்டிருந்தார்கள். "என் கவனக்குறைவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவருக்குப் பேனாவை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். வாய் திறக்கவில்லை. கைக்குழந்தை, வீட்டுக் கடன், வேலை போய்விடுமோ என்ற பயம். பயந்தவளைப் பயந்தவளாகவே விட்டுவிட்டார். பிறகு ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அந்தக் கவனக்குறைவு அவருடையதல்ல. அதை உங்கள் எல்லோரிடமும் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பின்னர் நீடாமங்கலம் வழியில் புதுக் கேபிள் வந்தபோது, அக்கா மறுபடி ஒரு ஜோடிக்குப் "பழுது" என்று எழுதினார். என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். போன வாரம், திட்டப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் அதைப் பற்றிக் கேட்டாள். "பழுது" என்பதை நான் அடித்துவிட்டேன். அக்காவைப் போல் கூசாமல் அப்படி எழுத எனக்கு வராது. "காலி" என்றும் எழுதவில்லை. "அவசரத்துக்கு மட்டும். யாருக்கும் ஒதுக்கக் கூடாது" என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன்.

"இப்படி ஒரு வகையே லிஸ்ட்டுல இல்லையே மேடம். யாரு வெச்சிருக்கறதா போட்டுக்கறது?" என்றாள் அவள்.

"என் பேரையே போட்டுக்கம்மா" என்றேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு ஜோடி இழை, அந்த ஒரு சீட்டுதான். துண்டு போட்டு வைக்க எனக்குத் தெரியவில்லை, நானே உட்கார்ந்திருக்கிறேன்.