மூன்று லிட்டர் வெந்நீர்

சிக்குன்குனியா காய்ச்சல் சீக்கிரமே போய்விட்டது. விரல்களில் வலியை மட்டும் விட்டுவிட்டுப் போனது. மார்கழிக் காலையில் சிங்க்கில் கை வைத்தால் போதும், பத்து விரலும் விறைத்துக்கொண்டு, மடங்கமாட்டேன் என்று அடம் பிடிக்கும். அடுப்பில் வெந்நீர் போட்டுக் கலந்து பார்த்தேன். ஒருநாள் அந்தக் குண்டானே கை நழுவிக் காலருகே விழுந்தது. நல்லவேளை, மேலே படவில்லை. ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தக் கை இனி இப்படியேதானோ என்று பயந்துவிட்டேன்.

சத்தம் கேட்டு வந்த என் வீட்டுக்காரர் தரையைத் துடைத்தார். பிறகு, "கிளம்பு. மன்னார்குடிக்குப் போயி சிங்க்குக்கு ஒரு ஹீட்டர் வாங்கிட்டு வந்துடுவோம்" என்றார்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர் விவசாயி. அவர் யோசித்து வாங்கிய ஒரே கரண்ட் சாமான் வயல் மோட்டார்தான். கடைக்காரர் எடுத்து வைத்த சின்ன ஹீட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

"எத்தனை லிட்டரு?"

"மூணுங்க."

"மூணு லிட்டரா? அது எந்த மூலைக்கு?"

"அண்ணே, பாத்திரம் கழுவத்தானே கேட்டீங்க? நடவுக்கா பாய்ச்சப் போறீங்க?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "லோ வோல்டேஜ் வந்தா காயில் எரிஞ்சுடுமா? எரிஞ்சா யாரு கட்டுவா?" என்று அடுத்த கேள்விக்குப் போனார். போன குறுவையில் மோட்டார் எரிந்து, காயில் கட்டி வருவதற்குள் நாற்று வாடியதைப் பார்த்து நின்ற மனுஷன். சூடு கண்ட பூனை.

"இதுல காயிலே கிடையாதுங்க, எலிமென்ட்தான். போச்சுன்னா மாத்திக்கலாம். லோ வோல்டேஜ்ல ஒண்ணும் ஆவாது, சூடேறக் கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கோ பக்கத்தில் இருந்த, குழாயிலேயே மாட்டுகிற ஹீட்டர் மேல் கண். பார்க்க அழகு, விலையும் குறைவு. "ஈரக்கையோட தொடுற எடத்துலயே கரண்டா? அது வேணாம்" என்றார். அதில் நியாயம் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

எலக்ட்ரீஷியன் எர்த் பார்த்து, பவர் பிளக் போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலையில்தான் வேடிக்கை. என் வீட்டுக்காரர் சுவிட்சைத் தொட என்னை விடவில்லை. மோட்டார் போட்டவன் மடையை விட்டு நகரக் கூடாது என்பது அவருடைய வயல் சட்டம். அதன்படி ஹீட்டரைப் போட்டுவிட்டு, சிவப்பு விளக்கு அணையும்வரை சிங்க் பக்கத்திலேயே காவல் நின்றார். பிறகு சூடு பார்க்க ஒரு டம்ளரைக் கழுவினார். அப்புறம் ஒரு தட்டு. வெந்நீர் தீர்ந்ததும் அடுத்த மூன்று லிட்டருக்குக் காவல். "சும்மா நிக்கிறதுக்கு இதையாவது செய்யிறேன்" என்று மொத்தப் பாத்திரத்தையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் இதே கதை. சுவிட்சைப் போடும்போது கேட்பார்: "விரல் எப்படி இருக்கு?"

"இன்னும் சரியாகலைங்க."

தையில் அது உண்மை. மாசியில் பாதி உண்மை. பங்குனி பிறந்தபோது விரல் பழையபடி ஆகிவிட்டது. சொல்வேனா நான்? அவர் தேய்த்தால் பால் குண்டான் என்னமாய்ப் பளபளக்கிறது தெரியுமா?

நேற்றுச் சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தேன். நாடகத்தில் லயித்துப்போய் விரல் பாட்டுக்கு விறுவிறுவென்று கட்டிக்கொண்டே போகிறது. நிமிர்ந்தால் எதிரே அவர், என் கையையே பார்த்துக்கொண்டு. எனக்குத் திக்கென்றது.

"நல்லா நெருக்கமா கட்டியிருக்க" என்றார். உள்ளே போய்விட்டார்.

இன்று காலை நான் எழுந்து வருவதற்குள் சிங்க் முன்னால் நின்றிருந்தார். பங்குனிப் புழுக்கத்தில் வெந்நீருக்கு ஒரு அவசியமும் இல்லை.

"விரல் எப்படி இருக்கு?"

அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. "இன்னும் கொஞ்சம் இருக்குங்க" என்றேன்.

"அவசரம் ஒண்ணும் இல்ல. மெதுவாவே ஆகட்டும்" என்று சுவிட்சைப் போட்டார்.