முன் பிரேக் பிடித்த நாள்

மச்சானிடம் ஒரு ஜப்பான் மோட்டார் சைக்கிள் இருந்தது. மெட்ராஸ் துறைமுகத்தில் சுங்க இலாகா ஏலம் விட்டபோது அவருடைய வாப்பா எடுத்த வண்டி. நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷமே அதற்கு என்னைவிட வயது அதிகம். ஆனாலும் முன் சக்கரத்தில் வட்டத் தகடும், எண்ணெயில் வேலை செய்கிற பிரேக்கும் வைத்த வண்டி பழவேற்காட்டில் அது ஒன்றுதான். பொன்னேரி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு அதைப் பார்ப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் ஒருவரும் பஸ்ஸை விட்டதில்லை.

மச்சான் என்றால் என் லாத்தாவின் கணவர். லாத்தா எனக்குப் பத்து வயது மூத்த அக்கா. கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இருவரும் எங்கள் வீட்டிலேயே பின்பக்க அறையில் இருந்தார்கள். மச்சானுக்குத் துபாயில் வேலை கிடைத்திருந்தது. டிக்கெட் எடுக்க வேண்டுமென்றால் வண்டியை விற்றாக வேண்டும். மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்து ஓட்டிப் பார்த்தார். முன் பிரேக்கைப் பிடித்தால் லீவர் தொளதொளவென்று ஹேண்டில்பார் வரை வந்து ஒட்டிக்கொண்டது. வண்டி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. "பிரேக்க சரி பண்ணி வைங்க, வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆக, பிரேக் பிடித்தால் மச்சான் துபாய்க்குப் போவார். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அது சந்தோஷமான விஷயம். துபாய் என்றால் சென்ட்டும் சாக்லேட்டும் என்பதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

பொன்னேரியிலிருந்து மெக்கானிக் வந்தார். "மாஸ்டர் சிலிண்டர் பூட்ச்சு பாய். வேற மாத்தணும்" என்றார். ஹேண்டில்பாரில் வலது கைப்பக்கம் சின்னக் கிண்ணம் மாதிரி உட்கார்ந்திருக்கும் சாமான் அது. லீவரைப் பிடித்தால் அதற்குள் இருக்கிற ரப்பர் எண்ணெயைத் தள்ளும். அந்த எண்ணெய் குழாய் வழியாகப் போய்ச் சக்கரத்தை நிறுத்தும். மச்சான் மெட்ராஸில் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் இரண்டு நாள் அலைந்து, வேறொரு வண்டியில் கழற்றிய சிலிண்டரை வாங்கி வந்தார். காகிதத்தைப் பிரித்து எங்கள் எல்லாருக்கும் காட்டினார்.

"உள்ள ரப்பர் இருக்கு. மண்ணெண்ணெய் பட்டா உப்பிடும். யாரும் கை வெக்காதீங்க."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. அதனால் பூட்டோ கத்தரிக்கோலோ அரிவாள்மனையோ, வீட்டுக்குள் எது வந்தாலும் முதலில் மண்ணெண்ணெயில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரும்.

மறுநாள் மச்சான் இறால் எடுக்கப் பசியாவரத்துக்குப் படகேறியதும், லாத்தா அந்தச் சிலிண்டரை ஒரு பழைய சட்டியில் வைத்து, மண்ணெண்ணெய் கேனைக் கொண்டுவரச் சொன்னாள்.

"மச்சான் வேணாம்னாங்களே, லாத்தா?"

"அவருக்கு இன்னா தெரியும்? துருப்பிடிச்சா யாரு பாக்கறது? ஊத்துடி."

ஊற்றினேன். மூன்று நாள் அது கட்டிலுக்கடியில் ஊறியது. நாலாம் நாள் லாத்தா அதைத் துடைத்துப் பழைய காகிதத்திலேயே சுற்றி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வந்து சிலிண்டரைக் கையிலெடுத்து அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. பிரித்தார். "இன்னா பாய் இது? ரப்பரு ஊறவெச்ச கொண்டக்கடலயாட்டம் உப்பிக்கினு இருக்குது! எவன் இத மண்ணெண்ணெயில போட்டது?" என்று கத்தினார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மச்சான் வாசற்படியைத் திரும்பிப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் பாதி மறைந்தபடி, முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டு லாத்தா நின்றிருந்தாள்.

"நான்தான்பா. தெரியாம கழுவிட்டேன்" என்றார் மச்சான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் பொய் சொன்னால் வாப்பா தோலை உரித்துவிடுவார். பெரியவர்கள் சொன்னால் மட்டும் மெக்கானிக்குக்கு டீ கொடுத்து விஷயத்தை முடித்துவிடுகிறார்கள்.

புது ரப்பர் கிடைக்க ஒரு மாதமாயிற்று. அந்த மாதத்தை நினைத்தால் இப்போதும் மனசு ஏங்குகிறது. சாயங்காலங்களில் மச்சான் பின் பிரேக்கை மட்டும் நம்பி எங்களை லைட்ஹவுஸ் குப்பம் வரை கூட்டிப்போவார். டேங்கின்மேல் நான், பின்னால் லாத்தா. குப்பத்து ஆடு ஏதாவது குறுக்கே வந்தால் இரண்டு காலையும் மணலில் ஊன்றித் தேய்ப்பார். லாத்தா அலறுவாள், வண்டி நின்றதும் சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன்னாலும் நான் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை. நடுவில் மச்சான் மூன்று தடவை புதுப்பேட்டைக்குப் போனார். மூன்று தடவையும் கிடைக்கவில்லை என்று வெறுங்கையோடு வந்தார். கிடைக்கவில்லையா, கடைக்கே போகவில்லையா என்று பின்னாளில் எனக்குச் சந்தேகம் வந்ததுண்டு. கேட்கத்தான் துணிச்சல் வரவில்லை.

பிறகு துபாயிலிருந்து கடிதம் வந்தது. உடனே வராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். நாலாவது தடவை மச்சான் ரப்பரோடு வந்தார்.

இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். லாத்தாவுக்கு மறதி அதிகம், திரும்பவும் மண்ணெண்ணெயில் போட்டுவிடுவாள், மச்சான் அவளுக்காக இன்னொரு பொய் சொல்ல வேண்டிவரும் என்று பயந்து, அந்த ரப்பர் பொட்டலத்தை என் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துப் போனேன். லாத்தா அலமாரியைக் கிளறினாள், தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். "அந்த ரப்பர் எங்கடி?" என்று இரண்டு தடவை கேட்டாள். "மச்சான் வெச்சிருப்பாங்க" என்றேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைப்பு.

மெக்கானிக் வந்ததும் பொட்டலத்தை நானே அவர் கையில் கொடுத்தேன். அவர் ரப்பரை மாற்றி, சிலிண்டரைப் பூட்டினார். பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும் என்பதால் டேங்கின்மேல் ஈரச் சாக்கைப் போட்டார்கள். குழாயிலிருக்கிற காற்றை வெளியேற்ற லீவரைப் பிடித்துப் பிடித்து விடுகிற வேலை எனக்கு.

"அடி, அடி... புடிச்சுக்கோ, விட்றாத... இப்ப விடு பாப்பா" என்றார் மெக்கானிக்.

சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்த பாட்டிலில் குமிழி குமிழியாக வந்தது. முதலில் லீவர் கொழகொழவென்றுதான் இருந்தது. அடிக்க அடிக்க, என் விரலுக்குள்ளேயே அது இறுகியது. மச்சான் வண்டியை எடுத்துத் தெருக்கோடி வரை விரட்டிப்போய்த் திரும்பி வந்து பிரேக்கைப் பிடித்தார். முன்பக்கம் குனிந்து, வண்டி ஆணி அடித்து வைத்த மாதிரி நின்றது.

நான் அடுப்படிக்கு ஓடினேன். லாத்தா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். "லாத்தா, பிரேக் புடிச்சிடுச்சு! நான்தான் பம்ப் அடிச்சேன். ரப்பர என் பாக்ஸ்ல ஒளிச்சு வெச்சதும் நான்தான்!"

அவள் நிமிரவில்லை. கையிலிருந்த இறாலை முழுதாக உரித்துச் சட்டியில் போட்டாள்.

"நல்ல பொண்ணு" என்றாள்.

பாராட்டிவிட்டாள் என்று குதித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இரண்டு நாளில் மெட்ராஸ்காரர் வந்து வண்டியை எடுத்துப்போனார். அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து மச்சான் பெட்டியோடு பஸ்ஸுக்குக் கிளம்பினார். கிளம்புமுன் ஒவ்வொருவரிடமும் என்ன வேண்டும் என்று கேட்டார். வாப்பா டார்ச் லைட் என்றார், உம்மா நைலக்ஸ் புடவை என்றாள். நான் ஒரு முழுத்தாளில் எழுதியே கொடுத்துவிட்டேன்.

"உனக்கு?" என்று லாத்தாவிடம் கேட்டார்.

"ஒண்ணும் வேணாம்."

"ஏதாச்சும் சொல்லு."

"ஒண்ணும் வேணாங்க" என்றாள் திரும்பவும்.

நான் அவள் இடுப்பில் இடித்துப் பார்த்தேன். பஸ் போய்விட்டது. அன்று முழுக்க அவள்மேல் எனக்கு ஒரே கோபம். மனிதர் இரண்டு தடவை கேட்டார், வாயைத் திறந்து சொல்லியிருந்தால் கொடுத்திருப்பாரே, இவளுக்குக் கேட்கக்கூடத் தெரியவில்லையே என்று.